பதினேழு கோல்

“லத்தீப்பு காலுக்குப் பந்து வந்துச்சுன்னு வைங்க, முடிஞ்சுது கதை! மூணு பேரைத் தாண்டி, நாலாவது ஆளை ஏமாத்தி, அடிச்சான் பாருங்க அண்ணே ஒரு அடி!”

வரிசையின் கடைசியிலிருந்து சன்னாசியின் குரல் கேட்டது. முன்னால் நின்ற காளியண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆரம்பிச்சுட்டான்யா! இனி இவன் வாயை மூடி, நாம மரத்தைப் பார்க்கிறது எப்போ?”

வெள்ளைக்காரன் அவசரகாலம் கொண்டுவந்ததிலிருந்து, கோலசிலாங்கூர் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களைச் சுற்றி முள்வேலி. பால் மரம் வெட்டப் போகிறவர்களை விடியற்காலையில் ஒவ்வொருவராகச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். மடியில் ஒரு பிடி சோறு இருந்தாலும் போச்சு, காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுக்காரனுக்கா கொண்டுபோகிறாய் என்று பிடித்துக்கொள்வார்கள். கடைசி ஆளைச் சோதித்ததும் கேட்டைப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் எல்லாரும் கூட்டமாகக் கிளம்பலாம். தனியாக யாரும் போகக் கூடாது.

அந்தக் கடைசி ஆள் தினமும் சன்னாசி. முதல் ஆள் தினமும் காளியண்ணன்.

வெயில் ஏறிவிட்டால் பால் நின்றுவிடும், வெட்டுகிறவனுக்குத்தானே அந்த வயிற்றெரிச்சல் தெரியும்! இந்தச் சன்னாசியோ கையில் ஒரு பேப்பரைப் பிடித்துக்கொண்டு, காவலுக்கு நிற்கிற கான்ஸ்டபிள் ஜாபரிடம் பந்தாட்டக்காரர்கள் பெருமையைக் கால் மணி நேரம் அளந்துவிட்டுத்தான் வாளியைத் திறந்து காட்டுவான். ரெண்டு மாசமாக இதே கூத்து. ஜாபரும் லேசுப்பட்டவர் இல்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டு “அப்புறம்?” “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

முந்தின நாள்தான் சன்னாசி மடியிலிருந்து அந்தப் பேப்பர் விழுந்தது. காளியண்ணன் எடுத்துப் பார்த்தான். பாவா கடையில் கருவாடு கட்டிக்கொடுத்த பேப்பர். வந்தது பொங்கல் சமயத்தில். இப்போதோ தீபாவளி வரப்போகிறது. பந்தைப் பற்றி ஒரு வரி இல்லை, முழுக்கத் துணிக்கடை விளம்பரம்.

அடப்பாவி, அத்தனையும் புளுகா!

இன்று விடுவதாக இல்லை. வரிசையை விட்டு விறுவிறுவென்று பின்னால் போய், சன்னாசி கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கி ஜாபரிடம் நீட்டினான் காளியண்ணன்.

“சார், இந்தாங்க, இதைப் பாருங்க. இவன் பேப்பர்! இதுல பந்தும் இல்ல, லத்தீப்பும் இல்ல. இவன் விடுற கதைக்காக எங்களை நிக்க வைக்கிறீங்களே, இது நியாயமா?”

ஜாபர் பேப்பரைக் கையால்கூடத் தொடவில்லை.

“தெரியும்லா,” என்றார் மெதுவாக. “எங்க ஸ்டேசன்ல ரேடியோ இருக்கு. லத்தீப்புன்னு ஒரு ஆட்டக்காரனே கிடையாது.”

“தெரிஞ்சுக்கிட்டேவா கேக்குறீங்க?”

ஜாபர் லயத்துப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

வள்ளியம்மா ஓடி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் வாளி, ஒரு கையில் உளி, கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. ரெண்டு மாசத்துக்கு முன்னால் புருசனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். கைக்குழந்தையைப் பிள்ளை பார்த்துக்கொள்கிற ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வரவேண்டும். ஊரடங்கு முடிந்து ஆயா வந்து கொட்டகையைத் திறக்கிற நேரத்தில்தான் இங்கே கேட்டையும் பூட்டுவார்கள்.

“வேலைக்கு வராம இன்னும் ஒரு நாள் பேர் விழலேன்னா லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு துரை,” என்றான் சன்னாசி, தரையைப் பார்த்துக்கொண்டு. “பச்சைக் குழந்தையோட எங்க போகும் அது?”

ஜாபர் காவல் குடிசைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். அங்கே சார்ஜண்ட் நின்றுகொண்டிருந்தார்.

“கேட்டைத் திறந்து வச்சுக்கிட்டு சும்மா நின்னா என் வேலை போயிரும். சோதனை நடக்குதுன்னா யாரும் கேக்க முடியாது.”

மூச்சு வாங்க வந்து சன்னாசிக்குப் பின்னால் நின்றாள் வள்ளியம்மா. “வந்துட்டேன் சார்” என்றாள்.

காளியண்ணனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தினமும் முதலில் நின்று காட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், கடைசியில் யார் வருகிறார்கள் என்று ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தானா? பேப்பரை ஒழுங்காக மடித்துச் சன்னாசி கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

நாலு நாள் கழித்துச் சன்னாசிக்குக் காய்ச்சல். ஆள் வேலைக்கு வரவில்லை.

அன்றைக்கு வரிசை சத்தமில்லாமல் நகர்ந்தது. ஒவ்வொருவராக வாளியைக் காட்டிவிட்டு வெளியே போனார்கள். ஆயா கொட்டகைப் பக்கம் இன்னும் ஒருவரையும் காணோம். குடிசை வாசலில் சார்ஜண்ட் கடிகாரத்தைப் பார்த்தார். ஜாபர் சாவியைக் கையில் எடுத்தார்.

கடைசி ஆளாக ஒருவன் மட்டும் உள்ளே நின்றிருந்தான். காளியண்ணன்! பிறந்ததிலிருந்து அவன் ஒரு பந்தாட்டம் பார்த்ததில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“சார்... நேத்து நம்ம லத்தீப்பு ஆடுன ஆட்டம் இருக்கே...”

ஜாபரின் கை நின்றது.

“அப்படியா? எத்தனை கோல்?”

காளியண்ணன் திருதிருவென்று விழித்தான். ஒரு ஆட்டத்தில் எத்தனை போடுவார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

“பதினேழு!”

வெளியே நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஜாபர் சிரிக்கவில்லை. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“பதினேழா! ஒவ்வொரு கோலா சொல்லுங்க காளியண்ணே. ஒண்ணையும் விட்டுறாதீங்க.”