கச்சேரிக்கு ஒரு பெட்டி

“இந்த டிஜிட்டல் பெட்டிக்குள்ள நூறு கிடார் ஆம்ப்ளிஃபயரோட சத்தம் இருக்கு சார். மேடைக்கு இதை மட்டும் கொண்டுபோனா போதும்” என்றார் கடைக்காரர்.

“சுத்தத் தகர டப்பா!” என்று ஒவ்வொரு சத்தமாக வாசித்துப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார் கிடார் கலைஞர். முதுகுவலியோடு அவர் சுமக்கும் பழைய ஆம்ப்புக்கு இதெல்லாம் ஈடாகுமா? மகள்தான் வம்படியாக இழுத்து வந்திருந்தாள்.

அடுத்த சத்தத்தில் தந்தியை மீட்டியவர் சிலையாகிவிட்டார்.

“இது என் ஆம்ப்பும்மா! அதே கரகரப்பு! இதுக்குள்ள எப்படி வந்துச்சு?”

“போன வருஷம் ரிப்பேர்னு சொல்லி எங்க கம்பெனிக்குத்தான்ப்பா எடுத்துட்டுப் போனேன். இந்தப் பெட்டி நாங்க செஞ்சது. அந்த ஆம்ப் சத்தத்தையும் இதுல பதிஞ்சு வெச்சோம்.”

“எல்லாரும் தேடி வாசிக்கிறது அந்தச் சத்தத்தைத்தான் சார்” என்றார் கடைக்காரர்.

கலைஞர் முதுகுவலி மறந்து நிமிர்ந்தார்.

“பில் போடச் சொல்லட்டுமாப்பா?”

“எனக்கு எதுக்கும்மா? அசலே வீட்ல இருக்கே!”