ஒரே வியாழக்கிழமை

நாகர்கோவில் தொலைபேசி மையம் பழுதானால் அதன் சுமையைக் கோவை மையம் ஏற்கும்; கோவை விழுந்தால் நாகர்கோவில் தாங்கும். அதனால் இரண்டு மையப் பொறியாளர்களுக்கும் ஒரே நாளில் விடுப்பு கிடையாது.

மேலாளர் நேசமணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“மக்கா ஜெபிஷா, நீ கேட்ட அதே வியாழக்கிழமை கோவையில டெனிஷும் லீவு கேக்கான். ரெண்டு பேரும் சொந்தக் காரியம்னு எழுதியிருக்கிய. சேந்து வேற கம்பெனி இன்டர்வியூவுக்குப் போறியளா?”

“இல்ல சார்.”

“பின்ன? அவன்கிட்ட கேட்டா சிரிக்கான். நீ தரையப் பாக்க. என்னத்தையோ மறைக்கிய.”

நேசமணி டெனிஷின் விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளினார்.

“சரி, நீ மட்டும் லீவு எடு. அவன் கோவையில நிக்கட்டும்.”

“அய்யோ சார்!” அவள் பதறிப்போனாள். “அப்போ எனக்குத் தாலி யாரு கெட்டுவா?”