எது பழம்?

டாக்டர் ஞானதுரை மேசைமேல் ஒரு எலுமிச்சம்பழத்தையும் ஒரு தீப்பெட்டியையும் அருகருகே வைத்தார்.

"எது பழம்?"

ஒச்சாண்டி பார்த்தான். வெளிச்சமாய் ஒரு திட்டு. பக்கத்தில் இன்னொரு திட்டு. அவை எங்கே முடிகின்றன, மேசை எங்கே தொடங்குகிறது என்பதே பிடிபடவில்லை.

"வாசம் வருதுங்க. பழம் இருக்கு. எதுன்னுதான் புரியல. கையில குடுங்க, சொல்லிர்றேன்."

"கையில குடுத்தா எங்க வீட்டு ஆட்டுக்கல்லுகூடச் சொல்லிரும்" என்றார் எழுத்தர் சங்கரலிங்கம். வரிசை சிரித்தது. "வீட்ல சோறு எது, கொழம்பு எதுன்னு மட்டும் தெரியுமாக்கும்?"

"அது வாய்க்குத் தெரியுங்க."

சின்னமனூர்க் கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில் நடந்தது, ஊனமுற்றோர் சான்றிதழ் புதுப்பிக்கும் முகாம். கீழ்த்தளத்தைக் காதணி விழாவுக்கு விட்டிருந்தார்கள். எனவே நடக்க முடியாதவர்களும் மாடிக்குத்தான் வரவேண்டும். துணைக்கு வந்தவர்களைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். மாடியில் நெரிசல் கூடாதாம். ஒச்சாண்டியின் மனைவி முனீஸ்வரியும் கீழேதான் நின்றாள்.

அவன் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். நாற்பதாவது வயதில் யாரோ புண்ணியவான்கள் இலவசமாக ஆபரேஷன் செய்துவைத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது.

கண்ணுக்கு வேலை அன்றுதான் தொடங்கியது.

தினமும் சாயங்காலம் முனீஸ்வரி சொம்பையும் டம்ளரையும் முன்னால் வைப்பாள். பார்ப்பான். தொடுவான். மறுபடி பார்ப்பான். சொம்பு மனதில் பதியும். மறுநாள் அதே சொம்பு கொஞ்சம் திரும்பி நின்றால் அது வேறு ஏதோ ஒன்று. மூன்று மாதத்தில் சொம்பு மட்டும் பாதி பழகியிருந்தது.

ஆனால் போடி ஏலக்காய்க் கடையில் அவன் விரலுக்கு நிகர் இல்லை. எட்டு மில்லிக் காய், ஏழு மில்லிக் காய் என்று பருமனை விரலால் உருட்டியே பிரிப்பான். சல்லடை தவறும், அவன் தவறமாட்டான். தினமும் போய்வருவது பார்வையற்றோர் பஸ் பாஸில். சான்றிதழ் போனால் பாஸ் போகும். பாஸ் போனால் போடி போகும்.

டாக்டர் டார்ச் அடித்தார்.

"கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கே. வெளிச்சம் தெரியுதா?"

"நெறையத் தெரியுதுங்க. அதான் தொந்தரவே."

"நடிப்பு சார்" என்றார் சங்கரலிங்கம். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு கறுப்புக் கட்டத்தையும் பள்ளம் என்று நினைத்து, கொக்கு மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து அவன் மேசைக்கு வந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"அண்ணே, அந்த நடையை எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றான் ஊன்றுகோலோடு நின்ற ஒருவன்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள். பார்வை உண்டு. பார்வை இல்லை. மூன்றாவது கட்டம் அச்சடிக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பேனா இன்னும் எழுதவில்லை. ஒச்சாண்டியின் காது அதைச் சொன்னது. தைரியம் வந்தது.

"சார், எங்க கடைக்கு வடக்கேயிருந்து யாவாரிக வருவாக. இந்தியில பேசுவாக. அம்புட்டுச் சத்தமும் என் காதுல நல்லா விழுகும். என்ன சொன்னாகன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? இந்தக் கண்ணும் எங்கிட்ட இந்தி பேசுதுங்க."

இந்தமுறை வரிசை சிரிக்கவில்லை.

டாக்டர் எலுமிச்சம்பழத்தை எடுத்து ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"நியாயந்தான். ரெண்டு வருஷத்துக்குக் குடுத்துருவோம். நீங்க கீழ போய் உக்காருங்க, சீட்டு வரும்."

ஒச்சாண்டி கும்பிட்டான். திரும்பினான். ஒரு நொடி நின்றான்.

பிறகு நடந்தான்.

தரை இப்போது ஒரே தரையாக இருந்தது. இடப்பக்கம் ஊன்றுகோலின் ரப்பர் வாடை, ஒதுங்கினான். எதிரே ஒரு குழந்தை விம்மியது, சுற்றிக்கொண்டு போனான். பந்தியின் சாம்பார் மணம் மேலேறி வந்த இடத்தில் படிக்கட்டு இருந்தது. முதல் படியைக் கால் கண்டுகொண்டது. மற்றவை தாமாக வந்து காலடியில் நின்றன. மனதுக்குள் நாளைக் காலையின் போடி பஸ் ஓடியது. வேகம் கூடியது.

மேலே சங்கரலிங்கம் கத்தினார்.

"சார், எழுதிறாதீக! அங்கன பாருங்க. ஒரு ஆளு மேல இடிக்கல. சீர் கொண்டாந்த தாய்மாமன் கெணக்கா எறங்கிப் போறான்!"

நாற்காலி நகர்ந்தது. யாரோ எழுந்து வந்து படிக்கட்டின் உச்சியில் நின்றார்கள். அவன் முதுகு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

"என்னையே நம்ப வச்சுட்டானேய்யா" என்றது டாக்டரின் குரல்.

பேனா ஒரே ஒரு தடவை கீறியது. முத்திரை ஓங்கி விழுந்தது.

கடைசிப் படியில் முனீஸ்வரியின் கை அவன் முழங்கையைப் பிடித்தது.

"கண்ணத் தெறங்க" என்றாள். "படி முடிஞ்சிருச்சு."