மந்திரி காட்டிய பெருந்தன்மை

"நாளைக்கு ஓட்டுப் போட வரமாட்டீங்களா? மறுபடி சொல்லுங்க, தோழரே. என் காதுலதான் ஏதோ கோளாறு."

கொறடா ஆல்ஃப் ரூட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஆஸ்லோ பாராளுமன்றத்தின் காப்பி அறையில் அவரையும் கல்வி மந்திரி டோர்கில் ஹௌகனையும் தவிர வேறு யாரும் இல்லை.

'தோழரே' என்றதும் டோர்கில் லேசாக முகம் சுளித்தார். வாத்தியாராக இருந்தவரைக்கும் அந்த வார்த்தை இனித்தது. ராஜாவைப் பார்க்கப் போவதற்காக நீண்ட கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் வாங்கிய பிறகு, 'மந்திரி அவர்களே' என்பதுதான் காதுக்கு இதமாக இருந்தது.

"வரமாட்டேன், ஆல்ஃப். காலைல பெடர் லியானோட வீட்டுக்குப் போய் ஜோடி போட்டுட்டு வந்துட்டேன்."

ஒரு கட்சிக்காரர் நோயில் படுத்தால், எதிர்க்கட்சியில் ஒருவர் தானும் ஓட்டுப் போடுவதில்லை என்று வாக்குக் கொடுப்பார். அதுதான் ஜோடி. எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஆனால் கொடுத்த வாக்கை மீறினவன் அந்தச் சபையில் யாரோடும் காப்பி குடிக்க முடியாது.

"அந்த எதிர்க்கட்சிக் கிழவர் பனியில வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டது நமக்கு அடிச்ச அதிர்ஷ்டம்யா!" ஆல்ஃப் மேஜையைத் தட்டினார். "பாதி சபைகூட நம்ம கையில இல்ல. லிபரல்காரன் அரைமனசா முட்டுக்கொடுக்கிறதுல நிக்கிறோம். நாளைக்கு பட்ஜெட் தோத்தா ஆட்சி போச்சு. லியான் வராட்டி ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி. சபாநாயகர் நம்ம ஆளு, அவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். நீங்களும் வராட்டி ஒரே ஓட்டுல தோப்போம். அவரா உங்களை ஜோடி கேட்டாரு?"

"கேட்கல. நானாத்தான் கொடுத்தேன். பெருந்தன்மைங்கிறது கேட்டுக் கொடுக்கிறதில்ல."

"எதுக்குங்க?"

டோர்கில் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு பெரிய விஷயங்களைச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"தொழிலாளிக்கு ஆளத் தெரியாது, நாகரிகம் கிடையாதுன்னு எழுதுறாங்களே, அவங்களுக்குக் காட்டணும். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்து எதிர்ப்பக்கத்துல ஒருத்தனாவது மனசு மாறி நமக்கு ஓட்டுப் போடுவான். ஒரே ஒருத்தன் போதும், ஆல்ஃப்!"

"யாரு, லியானோட கட்சிக்காரனா? அவரு இருபது வருஷத்துல ஒரு தடவைகூடக் கட்சியை மீறிக் கையைத் தூக்கினதில்ல. மத்தவங்களும் அதே மாவுல சுட்ட பணியாரம்தான்."

"நீ அவர் முகத்தைப் பார்த்திருக்கணும். நாலு மாடி ஏறிப் போனேன். பாவம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்காக வாசல்லயே ஒரு நாற்காலிக்குக் கழி கட்டி வச்சிருக்காங்க. நான் விஷயத்தைச் சொன்னதும் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். 'நான் வர வேண்டியதே இல்லையா? நிச்சயமாவா?'ன்னு ரெண்டு தடவை கேட்டார். 'ஒரு அடிகூட எடுத்து வைக்க வேண்டாம்'னேன். நெகிழ்ந்துபோயிட்டார் மனுஷன்."

"நான் போய்க் கேட்டுப் பார்க்கிறேன். உங்களை விட்டுடச் சொல்லி..."

"முடியாது. பத்திரிகைக்காரரையும் கூட்டிட்டுத்தான் போனேன். சாயங்காலப் பேப்பர்ல படத்தோட வருது."

ஆல்ஃப் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். முப்பது வருஷம் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, மழையில் நின்று கத்தி, கடைசியில் கண்ணால் பார்த்த ஆட்சி. ஒரு மாதம்கூட முடியவில்லை.

மறுநாள் பட்ஜெட் ஒரே ஓட்டில் தோற்றது. எதிர்ப்பக்கத்தில் ஒருத்தருக்கும் மனசு மாறவில்லை. பிரதமர் ராஜினாமாக் கடிதத்தோடு அரண்மனைக்குப் போனார். டோர்கில் பூங்கொத்தோடு லியான் வீட்டுக்குப் போனார். பதவி போனாலும் பெருந்தன்மை பாக்கி இருக்கிறதே. அதைப் பாராட்ட ஒரு ஆளாவது வேண்டாமா?

கதவைத் திறந்தது லியானின் மனைவி குனில்ட். அந்த அம்மாள் பூவை வாங்கிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. வாசலில் நாற்காலி அப்படியே இருந்தது; கழிகளை மட்டும் அவிழ்த்துச் சுவரில் சாத்தியிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டாரா?" என்றார் டோர்கில் கனிவாக.

"ஆஸ்பத்திரியா? வைத்தியர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனார்.

லியான் தலையணையில் சாய்ந்து, ரொட்டித் துண்டுக்கு மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாத்தியாரே. ஆட்சி போச்சாமே?"

"போகட்டும். கொடுத்த வாக்கைக் காப்பாத்தினேன். சரித்திரம் அதைப் பேசும்."

"சரித்திரம் கிடக்கட்டும். எங்க பள்ளத்தாக்குக்கு ரயில் பாதை போடப் பணம் ஒதுக்கியிருந்தீங்களே, அந்த பட்ஜெட்டுல. அது என்ன ஆகும்?"

டோர்கில் யோசித்தார். அப்படி ஒன்று பட்ஜெட்டில் இருந்தது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அது... பட்ஜெட்டோட போச்சு."

லியான் கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்த ரயிலுக்காக, பொறந்ததுலேருந்து முதல் தடவையா கட்சியை மீறி உங்களுக்கு ஓட்டுப் போடலாம்னு, ஊர்லேருந்து மச்சினனுங்க ரெண்டு பேரை வரவழைச்சு, என்னைச் சபைக்குத் தூக்கிட்டு வர நாற்காலிக்குக் கழியெல்லாம் கட்டி வச்சிருந்தேன். நீங்களே மெனக்கெட்டு நாலு மாடி ஏறி வந்து ஒரு அடிகூட எடுத்து வைக்க வேண்டாம்னதும், சரி, உங்ககிட்ட ஓட்டு மிச்சமா கிடக்குபோலன்னு அவனுங்களை ஊருக்கு அனுப்பிட்டேன்!"