பின் சீட்டுக் கதவு

“இந்தக் கதவுல யாரோ தொங்குறாங்க, சேச்சி!”

மட்டாஞ்சேரி ஒர்க் ஷாப்பில் ஒச்சப்பன் அந்தப் பழைய அம்பாசடரின் இடது பக்கப் பின் கதவை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். கதவு டக்கென்று மேலே ஏறியது. விட்டதும் கீழே இறங்கிவிட்டது.

“தொங்குறாங்களா? யாரு?” என்றாள் ஸ்வர்ணலதா. சந்தைக்குப் போகிற வழியில் கணவனோடு சும்மா எட்டிப் பார்க்க வந்தவள்.

“கீல் ஆணி ஒரு பக்கமாத் தேஞ்சு போச்சு. கனமான ஆளு யாரோ கதவைப் பிடிச்சுத்தான் எந்திரிக்கிறாங்க. பாருங்க, கை வைக்கிற எடத்துல பெயிண்டே போயிருச்சு. எத்தனையோ வருஷமா நடக்குது இது.”

ஸ்வர்ணலதா சிரித்துவிட்டாள். “எங்க வீட்ல பிள்ளையா குட்டியா? நாங்க ரெண்டே பேரு. நான் எப்பவும் முன் சீட்டு. பின்னால தேங்காயும் அரிசியும்தான் உக்காரும்.”

“அரிசி கதவைப் பிடிச்சு எறங்காதே, சேச்சி.”

ஒச்சப்பனுக்கு வேலை சுத்தம், வாய்தான் வம்பு. பக்கத்தில் நின்ற அவள் கணவர் வெங்கிடராமன், சாயா கிளாஸை உதட்டிலிருந்து எடுத்தவர், திரும்ப வைக்கவே இல்லை.

“கதை எதுக்குப்பா? வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடு.”

“முடியாது சார். புது ஆணி கடைசல் பட்டறையிலேர்ந்து வரணும். அடுத்த வாரம்...”

“வெள்ளிக்கிழமை எனக்கு வண்டி வேணும்!”

அந்த அதட்டலைக் கேட்டதும் ஸ்வர்ணலதாவின் சிரிப்பு நின்றது. வாராவாரம் வெள்ளிக்கிழமை அவளைக் கோயிலில் பஜனைக்கு இறக்கிவிட்டுப் போவார். தீபாராதனை முடியும்போது கூப்பிட வந்துவிடுவார். நடுவில் எங்கே போகிறார் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை.

“பின்னால யாரு உக்கார்றா?” என்று கேட்டாள்.

“லதா, வீட்ல போய்ப் பேசிக்கலாம்.”

“இங்கயே சொல்லுங்க. நான் அங்க உக்காந்து பாடிட்டு இருக்கிற நேரத்துல யாரை வச்சுச் சுத்துறீங்க?”

ஒச்சப்பன் அவசரமாகக் குறுக்கே வந்தான். “சேச்சி, உப்புக் காத்துல துருப் பிடிச்சாலும் இப்படித்தான் ஆவும்...”

“நீ சும்மா இருப்பா!” அவள் கணவன் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்துவிட்டது. “பெத்தவங்க, பொறந்த வீடு எல்லாத்தையும் உங்களுக்காக விட்டுட்டு வந்தவ நான். உங்களை நம்பினது தப்பா? எனக்குன்னு வேற யாரு இருக்கா, சொல்லுங்க.”

வெங்கிடராமன் கிளாஸைக் கீழே வைத்தார். “சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன், லதா.”

“அவளுக்கா?”

“அவளும் இல்ல, இவளும் இல்ல. போர்ட் கொச்சிலேர்ந்து கூட்டிட்டு வந்து, கோயில் மதிலோரமா வண்டியை நிறுத்துவேன். சன்னல் திரையை இழுத்து விட்டுட்டு உள்ளயே உக்காந்திருப்பாரு. நீ பாடி முடிச்சதும் கொண்டு போய் விட்டுட்டு வந்துருவேன். போன வாரம் எறங்கும்போது கதவு சரிஞ்சு, மனுஷன் விழப் பாத்தாரு. அதான் பயந்து போய் இங்க கொண்டாந்தேன்.”

“யாரு?” என்றாள்.

“உங்கப்பா. ‘அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்னுதான் சொன்னேன் மாப்ள, அவ பாட்டைக் கேக்க மாட்டேன்னு சொல்லலையே’ன்னு வாராவாரம் சொல்லிக்கிட்டுத்தான் வண்டியில ஏறுவாரு.”