மூன்றாவது கோணி

1934இல் வீட்டு எஜமானி மதாம் பிரான்சுக்குக் கப்பல் ஏறிய மறுநாள், அவள் வளர்த்த மூன்று பூனைகளையும் ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவரக் காரில் கொண்டுபோனார்கள். அவை வழி தெரிந்து திரும்பி வந்துவிடக் கூடாதென்று, டிரைவர் தனிஸ்லாஸ் நெல்லித்தோப்புத் தெருக்களில் வேண்டுமென்றே சுற்றினான். பின்சீட்டில், வாய் கட்டிய மூன்று கோணிகளோடு சமையல்காரி ஆனந்தமேரி உட்கார்ந்திருந்தாள்.

கறுப்புப் பூனை ஓயாமல் கத்தியது. வரிப்பூனை கோணிக்குள்ளேயே வாந்தி எடுத்தது. வெள்ளை சத்தமே போடவில்லை. வண்டி திரும்பும்போது மட்டும் அதன் கோணி சாய்வதாக ஆனந்தமேரி சொன்னாள்.

“திரும்பினா எல்லாந்தான் சாயும்,” என்றான் தனிஸ்லாஸ்.

“இது நீங்க திருப்பறதுக்கு முன்னாடியே சாயுதுண்ணே.”

அடுத்த முக்கில் வலப்பக்கம் போக நினைத்தவன், கடைசி நொடியில் இடப்பக்கம் ஒடித்தான்.

“இப்ப எந்தப் பக்கம் சாஞ்சிது?”

“பீச்சாங்கைப் பக்கம். தெருமுனை வர்றதுக்குள்ளயே சாஞ்சிடுச்சி.”

அதன்பிறகு அவன் எங்கும் திருப்பவில்லை. நேராக ஆற்றுப் பாலத்துக்கு விட்டான். குறுகலான பாலம். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். பாதிப் பாலத்தில் கறுப்பு கத்துவதை நிறுத்தியது. ஆனந்தமேரி அவன் தோளைத் தொட்டாள்.

“அண்ணே, சோத்தாங்கைப் பக்கம் சாயுது.”