பேர் வாங்கிய காற்று

அட்லாண்டிக் கடலில் ஒரு சோதாக் காற்று இருந்தது. தனக்கொரு பேர் இல்லையே என்பதுதான் அதற்கு ஒரே கவலை. சூடான கடல்நீரைக் குடித்துக் குடித்துப் புயலானதும் மனிதர்கள் பர்னபி என்று பேர் வைத்தார்கள். அதற்குத் தலைகால் புரியவில்லை.

"பேர் வெச்சவங்களைப் பார்த்துட்டு வர்றேன்!"

"கரைக்குப் போகாதடா, அங்கே உனக்குத் தீனி கிடையாது" என்றது கடல்.

கேட்டால்தானே! போய்க் கூரைகளைப் பிய்த்தது, ஊருக்குள் தண்ணீரைத் தள்ளியது. இரண்டே நாளில் பசியில் சுருங்கி, கொடியில் கிடந்த சட்டையைக்கூட அசைக்க முடியாமல் போனது.

"நண்டே, என் பேரை வேற புயலுக்கு வெச்சிடுவாங்களா?" என்று கரை மணலில் கிடந்த ஒரு நண்டிடம் கேட்டது.

"உன் பேரா? இனிமே யாருக்குமே வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"அடேங்கப்பா, அவ்வளவு மரியாதையா!" என்று பூரித்தபடியே பர்னபி அடங்கியது.

நண்டு இடிந்துபோன தன் வளையைத் தோண்ட ஆரம்பித்தது.